நன்மை வாங்கினேன் டாக்டர்

எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். செஞ்சி கடைத்தெருவில் ரவிக்கை தைக்கிறவள் நான். யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள், யாருக்கு முழுகாமல் இருக்கிறது என்பதெல்லாம் டேப்பைச் சுற்றியதுமே தெரிந்துவிடும். என் பாவாடை நாடா மட்டும் மாதாமாதம் குட்டையாகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியவில்லை. மட்டமான நாடா, துவைக்கத் துவைக்கச் சுருங்குகிறது என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு நாடா கோத்துக் கட்டினேன். என் வாய் அப்படி. முதலில் திட்டிவிட்டு அப்புறம்தான் யோசிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தி கேட்டாள்: “இன்னா டீச்சர், வயிறு இப்படி இருக்குது? வாயுவா?”

பள்ளிக்கூட டீச்சர் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், அதனால் அந்தப் பெயர். புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளைகள் என் பொறுப்பு. இந்த ‘நன்மை’யைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது ஒன்றும் புரியாது. பூசையில் சாமியார் எங்கள் நாக்கில் வைக்கிறாரே ஒரு மெல்லிய வெள்ளை அப்பம், அதைத்தான் கத்தோலிக்கச் சனங்கள் நன்மை என்கிறோம். சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டோம். நன்மை வாங்கினேன் என்போம். சாமியார் வசனம் சொன்ன பிறகு அது அப்பம் இல்லை, ஆண்டவரே என்பது எங்கள் விசுவாசம். அதைப் பிஸ்கட்டு என்று சொன்ன ஒரு வாண்டின் காதைத் திருகி முட்டி போட வைத்தவள் நான். ரொட்டி என்று சொன்னால்கூட விட மாட்டேன்.

அந்தப் பெண் கேட்டதில் எனக்கு ரோஷம் வந்து, மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்கேன் எடுக்கப் போனேன். ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றில் பசையைத் தடவிக்கொண்டு, “அக்கா, பஃப் கை ரவிக்கை எவ்ளோ நாளாகும்?” என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அப்புறம் அவள் ரவிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை.

சினைப்பையில் கட்டி என்றார் பெண் டாக்டர். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம் கொட்டை அளவில் இருக்க வேண்டிய உறுப்பு அது. என்னுடைய வலது பக்கத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு பை வளர்ந்திருந்தது. உள்ளே பெரும்பாலும் தண்ணீர், ஆனால் ஒரு மூலையில் கொஞ்சம் கெட்டியாக ஏதோ இருந்தது. அந்தக் கெட்டிதான் பிரச்சினை. கேன்சர் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கேன்சர் இருந்தால் அந்த அளவு ஏறும், வேறு சாதாரணக் காரணத்தாலும் ஏறும் என்றார் டாக்டர். எனக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன் என்கிற அளவுக்கு.

“எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் தெரியும்மா. தள்ளிப்போட வேணாம். இந்தக் கட்டி ஒரு காம்புல தொங்குது. கனத்துல காம்பு முறுக்கிக்கிச்சின்னா உள்ள ரத்தம் போகாது. அப்ப அவசரமாப் போயிடும்” என்றார்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து அவலூர்பேட்டை ரூட்டில் மினி பஸ் ஓட்டுகிறவர். எத்தனை கூட்டத்திலும் ஹாரனைத் தவிர வேறு சத்தம் போடாத ஆள். அன்றைக்கு டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “எனக்கு எதுக்கு மயக்கம் வருது? உனக்குத்தானடி கட்டி” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஊரிலேயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்கிற சர்ஜன் புதுச்சேரியிலிருந்து வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்தான்.

எனக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு ஷகிலா பானு என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் இல்லை. செஞ்சிக்காரிதான், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். வீட்டுக்காரர் சவூதியில். துணைக்கு நாத்தனார் வந்து வந்து போவாள். அவளுக்குக் கர்ப்பப்பையில் சதைக்கட்டி, மாதக்கணக்காக ரத்தப்போக்கு. உதடெல்லாம் வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தாள். அப்படியும் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து உட்கார்ந்து, “வாங்கக்கா, ஜன்னல் பக்கம் நீங்க படுத்துக்குங்க, கோட்டை மலை தெரியும். எனக்குப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு” என்று தன் கட்டிலைக் கொடுத்தாள். மறுநாள் முதலில் எனக்கு ஆபரேஷன், அடுத்து அவளுக்கு என்று எழுதியிருந்தார்கள்.

முதல்நாள் சாயங்காலம் பயத்தை அடக்க வேதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். நீதிமான் ஆற்றோரத்து மரம் மாதிரி இலை உதிராமல் இருப்பான் என்று வருகிற பகுதி. சவரிமுத்து ஆப்பிளை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்குக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வந்து கதவோரம் நிற்கிற மனிதர்.

“மேரி, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. ஈஸ்டரு அன்னிக்கு நீதான மைக்குல படிச்ச? நல்லவன்னு சொல்ல ஒருத்தன்கூட இல்ல, எல்லாரும் கெட்டுப்போயிட்டாங்கன்னு?”

“ஆமாம். அதுக்கு இன்னா?”

“அதுவும் இதே புக்குதான? ஒருத்தன்கூட இல்லன்னா அப்புறம் இந்த எல உதிராத மரம் யாருக்கு? வேலைக்கு ஆளே வரல, கூலி மட்டும் எடுத்து வச்சிருக்குதா?”

நான் வகுப்பில் சொல்கிற பதிலைச் சொன்னேன். சொந்த பலத்தால் ஒருத்தரும் நல்லவர் இல்லை, நாம் செய்கிற நல்லதும் அவர் அருள், அதற்குக் கிடைக்கிற பலனும் அவர் தயவு என்று.

“செரி. அவனவன் செஞ்ச வேலைக்குத் தகுந்த கூலின்னு ஒரு எடத்துல வருது. காலையில வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலின்னு இன்னொரு எடத்துல வருது. எங்க மொதலாளிகிட்ட போய்ச் சொல்லட்டுமா, சாயங்கால ட்ரிப்பு மட்டும் ஓட்டுறேன், முழுச் சம்பளம் குடுன்னு?”

ஷகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சிரிக்க வெக்காதீங்கண்ணா, வலிக்குது. எங்களுக்கும் இதே கததான். அமலால ஒருத்தரும் சொர்க்கம் போக முடியாது, அல்லாவோட ரஹ்மத்தாலதான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வாரு. அடுத்த வாரமே, அணுவளவு நன்மை செஞ்சாலும் வீணாப் போகாதும்பாரு. நான் ரெண்டுக்கும் தலையாட்டுவேன்.” அமல் என்றால் நாம் செய்கிற செயல், ரஹ்மத் என்றால் இரக்கம்.

சவரிமுத்து விடவில்லை. “அப்ப மேரி இத்தினி வருசமா கோயிலே கதின்னு கெடந்ததுக்கு ஒண்ணும் வராது?”

“யோவ், வாய மூடு” என்றேன். கையிலிருந்த புத்தகத்தை டொப்பென்று மூடினேன். அவர் கேட்டது தப்பில்லை. நானும் உள்ளுக்குள் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மழை என்றும் காய்ச்சல் என்றும் பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, ஏழைப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கவுனைச் சும்மாவே தைத்துக் கொடுத்தேனே, இதற்கு இந்தக் கட்டி நல்லபடியாகப் போய்விடாதா? கடவுளிடம் பேரம் பேசக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள், மனசுக்குள் காய்கறிக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை, பயம் அப்படி.

நர்ஸ் வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் ஒன்றும் கூடாது, விடிந்தால் பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படக் கூடாது என்று சொன்னாள். எதற்கு என்று ஷகிலாதான் கேட்டாள். மயக்க மருந்து கொடுத்தால் தொண்டை தளர்ந்துவிடுமாம். வயிற்றில் ஏதாவது இருந்து மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடுமாம். உயிர்கூடப் போகலாமாம்.

நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பங்குச் சாமியாருக்குப் போன் போட்டு, “சாமி, காலையில ஆபரேஷன். அதுக்கு முன்னால எண்ணெய் பூசி நன்மை குடுத்துட்டுப் போங்க” என்றேன். நன்மை வாங்குவதற்கு முன்னால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. ஆபரேஷனுக்கும் வெறும் வயிறு. ஒரே பட்டினியில் இரண்டும் முடிந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இப்படி ஒரு புத்திசாலி நான்.

விடிந்ததும் சாமியார் வந்தார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார், நன்மை கொடுத்தார், ஜெபம் சொல்லிவிட்டுக் கிராமத்துப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரவெல்லாம் காய்ந்து கிடந்த வாய். நன்மை மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்க முடியவில்லை. கைவிட்டு எடுக்கவும் கூடாது. சவரிமுத்து பதறிப்போய் தண்ணீரை நீட்டினார். வாங்கித் தம்ளர் முழுவதையும் மடமடவென்று குடித்துவிட்டேன்.

ஷகிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். “மேரிக்கா, அதுக்குப் பேரு நன்மையா?”

“ஆமாம்மா.”

“எங்களுக்கு நன்மையை மலக்குமாருங்க தோள்ல உக்காந்து எழுதுவாங்க. நீங்க முழுங்குறீங்க” என்றாள். மலக்கு என்றால் வானவர். விளையாட்டாகத்தான் சொன்னாள். முழுங்குறீங்க என்ற சொல் மட்டும் என் காதில் தங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயது, கடுகடு முகம். “ஏதாவது சாப்பிட்டீங்களா? தண்ணி, காபி?”

“இல்ல சார்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நன்மையைச் சாப்பாடு என்று நினைத்தே பழக்கமில்லை. தண்ணீர் நினைவுக்கே வரவில்லை. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஷகிலா மெதுவாக, “அக்கா, அந்தத் தண்ணி?” என்றாள்.

சவரிமுத்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இத பாரு. காத்துல பறக்குற மாதிரி ஒரு துண்டு, ஒரு தம்ளர் தண்ணி. அதுக்குள்ள ஜீரணமாயிடும். சொன்னியின்னா இன்னிக்கு இல்லன்னுடுவாங்க. அடுத்த வாரம் வரைக்கும் அது முறுக்கிக்காதுன்னு யாரு எழுதிக் குடுப்பாங்க? உள்ள கெட்டியா இருக்குறது பரவாதுன்னு யாரு சொல்லுவாங்க? பேசாம இரு மேரி. உங்கையப் புடிச்சிக் கேக்குறேன்.” நிஜமாகவே கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நர்ஸ் சொன்ன நுரையீரலும் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் இன்னொன்று குடைந்தது. சாப்பிட்டேன் என்று சொன்னால், அது வெறும் சாப்பாடு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் பொய். எந்தப் பக்கம் போனாலும் இடித்தது. உன் விசுவாசத்தை மறைக்காதே என்கிற வசனமும் வந்தது, பொய் பேசாதே என்கிற கட்டளையும் வந்தது. நல்லவளாக இருப்பதற்கு எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும்? பிள்ளைகள் கேட்டிருந்தால் டக்கென்று ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

பச்சை அங்கியைப் போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். சவரிமுத்து கூடவே நடந்து வந்தார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. ஆபரேஷன் அறை வாசலில் அந்தக் கடுகடு டாக்டர் நின்றிருந்தார். வண்டி அவரைத் தாண்டும்போது சட்டையைப் பிடித்துவிட்டேன்.

“சார், நான் நன்மை வாங்கினேன்.”

“என்னம்மா வாங்கினீங்க?”

“நன்மை சார். காலையில சாமி வந்து குடுத்தாரு.”

அவர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். “இவங்களுக்கு அதுக்குள்ள ஊசி போட்டாச்சா?”

“இல்லையே சார்” என்றாள் அவள். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பயத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள்.

“எங்க கோயில் சாமியார் சார். பூசையில குடுக்குறது. ஆண்டவரு சார் அது.”

“யாரா இருந்தாலும் வயித்துக்குள்ள போச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்கம்மா.”

வண்டியை நிறுத்தினார்கள். மேலே விளக்கு கண்ணைக் கூசியது. என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக என் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. “ரொட்டி சார்” என்றேன். “ரொட்டிதான். ஒரு தம்ளர் தண்ணியும் குடிச்சேன்.” சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அவ்வளவு பெரிய பொம்பளை, தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு பச்சைக் குழந்தை மாதிரி அழுதேன். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, “முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார்.

என்னைத் திருப்பி அறைக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஷகிலாவை முதலில் எடுத்துக்கொள்வது, அது முடிந்து சர்ஜனுக்கு நேரம் இருந்தால் நான், இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்று முடிவாயிற்று. ஷகிலா வண்டியில் ஏறிப் படுத்தாள். “உங்க எடத்தப் புடிச்சிக்கிட்டேன்க்கா, மன்னிச்சிருங்க” என்றாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது பாருங்கள்.

அவள் சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நினைத்தோம். வரவில்லை. நாத்தனார் வாசலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நர்ஸ் ரத்தப் பையோடு ஓடினாள். மத்தியானம் தாண்டியது. சவரிமுத்து ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, “உண்மைய சொன்ன இல்ல? இப்ப இன்னா கெடச்சுது?” என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தார்.

கடைசியில் ஷகிலாவை வெளியே கொண்டுவந்தார்கள். நிறைய ரத்தம் போய்விட்டதாம், ஆனால் சமாளித்துவிட்டார்களாம். சர்ஜன் கை கழுவிவிட்டுப் பையை எடுத்தார், ஊருக்குக் கிளம்ப. அந்த நேரத்தில்தான் எனக்கு வலி வந்தது.

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்த வலி வேறு, இது வேறு. ஈரத்துணியை யாரோ உள்ளே இரண்டு கையாலும் பிழிகிற மாதிரி. கட்டிலிலிருந்து உருண்டு தரையில் விழுந்தேன். பச்சையாக வாந்தி வந்தது. சவரிமுத்து, “டாக்டர்! டாக்டர்!” என்று கத்திக்கொண்டே ஓடினார். மினி பஸ்ஸில்கூடக் கத்தாத மனிதர் வாசல்வரை ஓடிப்போய்ச் சர்ஜனின் கார் கதவைப் பிடித்துக்கொண்டாராம். எனக்கு அது தெரியாது. காம்பு முறுக்கிக்கொண்டது என்று யாரோ சொன்னதும், மறுபடி அதே விளக்கும்தான் நினைவிருக்கிறது. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. “என்ன விட்ருப்பா” என்று மட்டும் சொன்னேன், டாக்டரிடமா ஆண்டவரிடமா என்று தெரியவில்லை.

பிழைத்துவிட்டேன். கட்டியை உடையாமல் முழுசாக எடுத்தார்கள். மறுநாள் மயக்க மருந்து டாக்டர் வந்தபோது கேட்டேன், “நான் சொல்லாம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும் சார்?”

“காலையிலயே செஞ்சிருப்போம், இந்த முறுக்கு வலி வந்திருக்காது. இல்ல, மயக்கத்துல வாந்தி வந்து பெரிய சிக்கலாகியிருக்கும். எனக்கும் தெரியாதும்மா, உங்களுக்கும் தெரியாது” என்றார். மழுப்பாமல் பேசினார் என்பதாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் நானும் ஷகிலாவும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தோம். இருமினால் தையலில் தலையணையை அழுத்திக்கொள்ள வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் வீட்டு ரசம் எனக்கும், சவரிமுத்து வாங்கிவரும் இளநீர் அவளுக்கும். அவர் அவள் பிள்ளைகளை மினி பஸ்ஸில் முன்சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தார். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கேன்சரா இல்லையா என்று அது வந்தால்தான் தெரியும். அந்தக் காத்திருப்பு ஆபரேஷனைவிடக் கொடுமை. வீட்டுக்கு வந்து தைக்க உட்கார்ந்தால் ரவிக்கையில் ஒரே பக்கத்துக் கையை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிடுவேன்.

ரிப்போர்ட் வாங்க ஒரே நாளில் வரச் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

“கேன்சர் இல்லம்மா. சாதாரண நீர்க்கட்டிதான். அந்தக் கெட்டியும் பழைய ரத்தக்கட்டுதான். நிம்மதியாப் போங்க” என்றார் பெண் டாக்டர்.

எனக்கு அந்த அறையிலேயே ஆட வேண்டும் போல் இருந்தது. சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது ஷகிலா எங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டாள், பேச நேரமில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்தாள். காகிதத்தை நாலாக மடித்திருந்தாள்.

“எனக்குத்தான்க்கா அது” என்றாள். “சதைக்கட்டின்னு நெனச்சாங்க இல்ல, அதுக்குள்ளயே இருந்துச்சாம். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க. மருந்து ஏத்தணுமாம்.” அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்கு என்னக்கா சொன்னாங்க?” என்றாள்.

“இன்னும் வரலம்மா” என்றேன். “அடுத்த வாரம் வான்னுட்டாங்க.”

சவரிமுத்து கையிலிருந்த என் ரிப்போர்ட் உறையைச் சத்தமில்லாமல் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

“வரும்க்கா. நல்லபடியா வரும். நான் துவா கேக்குறேன்” என்றாள் ஷகிலா. தன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்றாள். ஆட்டோவில் வீடு வரும்வரை என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

கோயிலில் விஷயம் பரவிவிட்டது. மேரி டீச்சர் ஆபரேஷன் வாசல்வரை போய் உண்மையைச் சொன்னாங்க, அதனால ஆண்டவர் காப்பாத்திட்டார் என்று. நன்றிப் பூசையில் எல்லார் முன்னாலும் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று பெண்கள் வந்து நின்றார்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்றும் இருக்கிறது, விளக்கை மரக்காலால் மூடாதே என்றும் இருக்கிறது. எதைச் சொல்லித் தப்பிப்பது என்று பார்த்தேன். கடைசியில் என் வழக்கப்படி திட்டித்தான் அனுப்பினேன். “உண்மைய சொன்னதுக்கு எனக்குச் சுகம்னா, ஒரு பொய்யும் சொல்லாத அந்தப் பொண்ணுக்கு இன்னாத்துக்குடி கேன்சரு? அதுக்கு வசனம் இருந்தா எடுத்துக்கினு வாங்க, நான் சாட்சி சொல்றேன்” என்றேன். ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

என் பொய்யோ வளர்ந்துகொண்டே போனது. ஷகிலா புதுச்சேரியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி, “ரிப்போர்ட்டு வந்துச்சாக்கா?” என்பதுதான். மருந்து நரம்பு வழியாக ஏறுகிற நாட்களில் குரலே எழும்பாது. அப்போதும் அதைக் கேட்பாள். நான் லேபில் தாமதம், மறுபடி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஏதாவது சொல்வேன். பாவத்தை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“சொல்லிடு மேரி. அந்தப் பொண்ணு தப்பா நெனைக்காது” என்றார் சவரிமுத்து. சரி, இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கடையைச் சாத்திவிட்டுப் போன் போட்டேன்.

“ஷகிலா, அந்த ரிப்போர்ட்டு...”

“வந்துடுச்சாக்கா?”

“வந்துடுச்சும்மா. ஒண்ணும் இல்ல. ஆனா நான் உங்கிட்ட...”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. “அல்லா! மேரிக்காவுக்கு ஒண்ணும் இல்லையாம்!” என்று பக்கத்திலிருந்த நாத்தனாரிடம் கத்தினாள். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கொஞ்சம் அடங்கிய பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

“அஞ்சு வேளைத் தொழுகையிலயும் உங்களுக்காகக் கேட்டேன்க்கா. எனக்குன்னு கேட்டதுக்கெல்லாம் இன்னும் ஒரு பதிலையும் காணோம். மனசு விட்டுப்போச்சு. நான் கேக்குறது அவனுக்குக் கேக்குதான்னே சந்தேகம் வந்துடுச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, கேக்குது. ஒண்ணாச்சும் குடுத்துட்டான் பாருங்க.”

சவரிமுத்து எதிரே நின்று, சொல்லு சொல்லு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா” என்றேன். “நீ கேட்டதாலதான் கெடச்சுது.”